திருப்பிப் போட்ட படம்

அவளுடைய வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை விளங்கியதில்லை. வாரப் பத்திரிகையில் இருக்கிறாள் என்றால் "எழுதுவியா?" என்பார்கள். இல்லை என்றால் "ஃபோட்டோ எடுப்பியா?" என்பார்கள். அதுவும் இல்லை என்றால் "அப்ப என்னதான் பண்றே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. யாரோ எடுத்த படத்தை, யாரோ எழுதிய கட்டுரைக்குப் பக்கத்தில், எங்கே எந்த அளவில் போடுவது என்று முடிவு செய்ய ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி, மாதாமாதம் சம்பளம் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆனால் வந்து விழும் முந்நூறு படங்களில் இருநூற்றுத் தொண்ணூற்றேழைக் கழித்துக் கட்டுகிற வேலை அது. கழிப்பதற்கும் ஒரு கண் வேண்டும். அந்தக் கண் தன்னிடம் இருக்கிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பட ஆசிரியர் என்று மேசைமேல் பலகை வேறு வைத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு அந்தத் தலைக்கனம் இறங்கியது.

முதல் நாள் மாலை அவள் கொண்டுவந்து போட்ட புது இதழை அம்மா சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தாள். அம்மா எப்போதும் கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்தை முடித்துவிட்டுத்தான் பின்னாலிருந்து முன்னால் புரட்டுவாள். அன்றைக்கு எதற்கோ முன்கூட்டியே புரட்டியிருக்கிறாள், குறுக்கெழுத்து பாதியில் நின்றிருந்தது. பென்சில் தரையில் கிடந்தது.

"இங்க வா."

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா."

"வாடி இங்க."

நாற்பத்தொன்றாம் பக்கம். 'நாளெல்லாம் நின்றபடி' என்று ஒரு படக்கட்டுரை. பேருந்து நடத்துநர், துணிக்கடைப் பெண், முடிதிருத்துபவர் என்று உட்கார முடியாத வேலைக்காரர்களின் படங்கள். அம்மாவின் விரல் முடிதிருத்துபவர்மேல் இருந்தது. தாடி வைத்த, கனத்த, முன்மண்டை வழுக்கை ஏறிய ஒரு ஆள். கையில் கத்தரிக்கோல். வலது புருவத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு பழைய வடு.

"உங்க அண்ணன்," என்றாள் அம்மா.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்தப் படத்தோடு மூன்று நாள் குடித்தனம் நடத்தியவள் அவள். ஒளியை ஏற்றி, ஓரத்தை வெட்டி, தலைப்புக்கு இடம் விட்டு, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்திருக்கிறாள். அதில் சொந்த அண்ணன் இருந்து, அவளுக்குத் தெரியாமல் போய், குறுக்கெழுத்துப் போடுகிற அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதா?

கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. பதினோரு வருடங்களுக்கு முன், மழையில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்தவன் அண்ணன். பின்னால் உட்கார்ந்திருந்தவர் அப்பா. லாரிக்கு ஒதுங்கியபோது வண்டி சறுக்கியது. அண்ணன் புருவத்தில் ஏழு தையலோடு எழுந்தான், அப்பா எழவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய அண்ணன் வீடு திரும்பவில்லை. 'நல்லா இருக்கேன். தேடாதீங்க' என்று அவளுக்கு ஒரே ஒரு குறுஞ்செய்தி. அந்த எண் அன்றைக்கே செத்துப்போனது. போலீசுக்குப் போனார்கள், அவன் நண்பர்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கினார்கள். ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா அவனை மூன்று முறை கண்டுபிடித்திருக்கிறாள். ஒருமுறை ஓடுகிற பஸ்ஸில், ஒருமுறை தொலைக்காட்சிச் செய்தியில் கூட்டத்தோடு கூட்டமாக, ஒருமுறை வங்கி வாசலில். வங்கி வாசல் ஆள் நின்று, திரும்பி, "யாரும்மா நீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். அன்று வீட்டுக்கு வந்து படுத்த அம்மா பதினாறு நாள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை அப்படிப் படுத்தால் எழுந்திருப்பாளா என்பது தெரியாது. அதனால் இந்த வீட்டில் "இருக்கலாம்", "மாதிரிதான் இருக்கு" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை.

"அம்மா, அவனுக்கு வடு இடது புருவத்துல. இவருக்கு வலதுல. நல்லா பாரு."

"வடுவை விடு. உதட்டைப் பாரு. கீழுதட்டை உள்ள இழுத்துக் கடிச்சுக்கிட்டு. பென்சில் சீவும்போதுகூட அப்படித்தானே பண்ணுவான்."

"ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் பண்ணுவாங்க. இது அவனில்லம்மா."

அம்மா வாதாடவில்லை. பக்கத்தை மடிப்பு ஓரமாக நிதானமாகக் கிழித்து எடுத்துக்கொண்டாள். மகள் பஸ்ஸைப் பிடித்தாள், உட்கார இடமும் கிடைத்தது. நாலாவது நிறுத்தத்தில்தான் சுரீர் என்றது. அந்தப் படத்தைத் திருப்பிப் போட்டோமே!

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பக்கம் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தில் இருக்கும் முகம் பத்திரிகைக்கு உள்ளே பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் வாசகனின் கண்ணும் அந்தப் பக்கமாகவே வெளியே ஓடிவிடுமாம். வலதுபக்கத் தாளில் இருக்கும் ஆள் வலப்பக்கம் பார்த்து நின்றால், படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவார்கள், கண்ணாடியில் காட்டுவதுபோல. செய்திப் படத்தில் இதைச் செய்தால் வேலை போய்விடும். கட்டுரைப் படத்தில் செய்தால் கேட்பாரில்லை. எழுத்து ஏதும் திரும்பித் தெரியக் கூடாது, கைக்கடிகாரம் கை மாறக் கூடாது, அவ்வளவுதான். இந்தப் படத்தில் எழுத்தும் இல்லை, கடிகாரமும் இல்லை. அதனால் திருப்பியதாக ஞாபகம். திருப்ப நினைத்து விட்டுவிட்டதாகவும் ஒரு ஞாபகம். வாரத்துக்கு நாற்பது படம் பக்கத்தில் ஏற்றுகிறவளுக்கு எதை நிச்சயமாகச் சொல்ல முடியும்?

அலுவலகத்தில் பக்க வடிவமைப்பாளர் அப்போதுதான் வந்து கணினியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அரை சென்டிமீட்டர் இடத்துக்கு அரை நாள் சண்டை போடுவார் என்பதால் அவருக்கு சென்டிமீட்டர் என்றே பெயர்.

"நாப்பத்தொண்ணு, அந்த முடிவெட்டுற படம். திருப்பினோமா?"

"நீங்கதானே திருப்பச் சொன்னீங்க. நான் வேணாம்னேன்."

"நீங்க வேணாம்னு சொன்ன மாதிரி தெரியலையே."

"மனசுக்குள்ள சொன்னேன்."

மூலப்படத்தைத் திறந்தாள். அச்சில் போனது திருப்பித்தான் இருந்தது. மூலத்தில் வடு இடது புருவத்தில் இருந்தது. அண்ணனுக்கு இருந்த அதே புருவம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த முகத்தைப் பெரிதாக்கினாள். தாடியை மனசுக்குள் மழித்தாள், பத்து கிலோவைக் குறைத்தாள், முடியை இறக்கினாள். அண்ணன் வந்தான். தாடியைத் திரும்ப வைத்தாள், போய்விட்டான்.

பிறகுதான் கத்தரிக்கோலைக் கவனித்தாள். மூலத்தில் அது இடது கையில் இருந்தது. அண்ணன் இடதுகைக்காரன் இல்லை. இடது கையால் ஒரு டம்ளரைக்கூட ஒழுங்காகத் தூக்கத் தெரியாதவன். அச்சான படத்தில் கை பொருந்துகிறது, வடு பொருந்தவில்லை. மூலத்தில் வடு பொருந்துகிறது, கை பொருந்தவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

"படத்துல எதாவது தப்பா?" என்றார் சென்டிமீட்டர், தன் தலைக்கு ஏதும் வருமோ என்ற கவலையில்.

"தெரியல," என்றாள். ஏழு வருடத்தில் அந்த மேசையிலிருந்து அவர் கேட்டிராத பதில் அது.

படம் எடுத்தவருக்கு ஒரே க்ளிக் என்று பெயர். மற்றவர்கள் ஐம்பது எடுக்கும் இடத்தில் ஒன்று எடுத்துக்கொண்டு வந்து, "இதுக்கு மேல என்ன வேணும்?" என்று நிற்பார். அன்றைக்குப் பார்த்து எங்கோ மலைப்பக்கம் போயிருந்தார், ஃபோன் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மதியம், காலெல்லாம் சேறாக, வந்து சேர்ந்தார்.

"அந்த சலூன்ல வேற படம் எதாவது இருக்கா?"

"ஒண்ணுதான். ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அந்த ஆளு இடதுகைக்காரரா?"

ஒரே க்ளிக் கொஞ்சம் யோசித்தார். "இல்லையே. எனக்கே கிருதா சரி பண்ணிவிட்டாரு, வலது கையாலதான்." பிறகு சிரித்தார். "ஓ, அதுவா? நான் அவரை நேரா எடுக்கலை. சின்னக் கடை, முன்னாடி நிக்க எடமே இல்ல. பின்னாடி நின்னு கண்ணாடியில தெரிஞ்சதத்தான் எடுத்தேன். ஓரத்துல கண்ணாடி ஃபிரேம் இருந்திருக்குமே, நீங்க வெட்டிட்டீங்க போல."

வெட்டியிருந்தாள். தலைப்புக்கு இடம் வேண்டியிருந்தது.

ஆக, கண்ணாடி அந்த ஆளை ஒருமுறை திருப்பியது. அவள் இன்னொரு முறை திருப்பினாள். இரண்டு பொய் சேர்ந்து உண்மையாகிவிட்டது. அச்சில் வந்திருப்பதுதான் நிஜமான முகம். கத்தரி வலது கையில், வடு வலது புருவத்தில். அப்படியானால் அண்ணன் இல்லை. முடிந்தது கதை. அம்மாவிடம் சொல்லிவிடலாம்.

"அந்த ஆளு எப்படி? எந்த ஊரு, என்னனு எதாவது சொன்னாரா?"

"ரயில்ல ஆறு மணி நேரம் அந்தக் கடைக்கு. கடையில மாஸ்டர்னுதான் கூப்பிடறாங்க, பேரு, சொந்த ஊரெல்லாம் கேக்கலை. பேச்சே கிடையாது. படம் போடலாமானு கேட்டப்போ மட்டும் ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்பறம் போடுங்கன்னாரு."

அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். வடு இடது புருவத்தில்தான் என்று தனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி பாதி வழியில் வந்தது. அந்த வடுவோடு அண்ணன் வீட்டில் இருந்தது ஒரே மாதம். அதில் பாதி நாள் கட்டுப் போட்டிருந்தது. அந்த மாதத்தில் யார் படம் எடுத்தார்கள்? ஆஸ்பத்திரிக் காகிதங்களை அம்மா என்றைக்கோ கிழித்துப் போட்டுவிட்டாள். அவளிடம் இருப்பது ஒரே ஒரு காட்சி. காலையில் வாஷ்பேசின் முன்னால் அண்ணன் சவரம் செய்துகொண்டு நிற்கிறான். அவள் துண்டோடு பின்னால் காத்து நிற்கிறாள். அவன் தோளுக்கு மேலே அவன் முகம் தெரிகிறது, வடு தெரிகிறது.

தோளுக்கு மேலே தெரிந்த முகம் கண்ணாடியில் தெரிந்த முகம்தானே? அப்படியானால் அவளுக்குத் தெரிந்த இடது உண்மையில் வலதா? அவள் நின்றபடியே வலது கையால் வலது புருவத்தையும் இடது கையால் இடது புருவத்தையும் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் மெல்ல நகர்ந்துகொண்டாள். நேருக்கு நேர் உட்கார்ந்து சாப்பிட்ட ஞாபகம் ஏதாவது வருகிறதா என்று தேடினாள். அந்த மாதம் யாரும் யாரோடும் சேர்ந்து சாப்பிட்டதில்லை. ஸ்கூட்டரை அவன் ஓட்டினான், அவன் பிழைத்தான் என்பதை எல்லோரும் தனித்தனித் தட்டில் வைத்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஊரான் பிள்ளைகளின் படங்களில் எது அசல், எது திருப்பியது என்று ஒரே பார்வையில் சொல்கிறவளுக்குச் சொந்த அண்ணன் முகத்தில் இடது வலது தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

வீட்டில் அம்மா கிழித்த பக்கத்தை மேசையில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அம்மா, அவனுக்குத் தினமும் மருந்து போட்டது நீதானே. வடு எந்தப் பக்கம்?"

அம்மா தாளின் மடிப்பை நீவினாள். "மருந்து அவனேதான் போட்டுக்கிட்டான்."

"சரி, பார்த்திருப்பேல்ல? எந்தப் புருவம்?"

"தெரியாது."

"என்னம்மா தெரியாதுங்கறே?"

"பாக்கலடி." அம்மா தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்த ஒரு மாசம் நான் அவன் மூஞ்சியையே பாக்கல. என்னால முடியல. சாப்பாடு வெச்சா தட்டைப் பாத்து வெப்பேன். அவன் பேசினா சுவத்தைப் பாப்பேன். அவன் எதிர்ல வந்து நிப்பான், நான் சமையலறைக்குப் போயிடுவேன். ஒருநாள் வாசல்ல நின்னு, அம்மா, என்னைப் பாருமான்னான். நான் பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தேன். தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். மறுநாள்தான் போனான்."

இந்த வீட்டில் பதினோரு வருடமாக அவளும் அம்மாவும் மட்டும்தான். ஆனால் இதை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு அம்மாவை அணைத்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, கத்த வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்டை காய்ந்தது. அம்மாவிடம் அவன்தான் என்றும் சொல்ல முடியவில்லை, அவன் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. சாப்பிடும்போதும் அந்தத் தாள் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எண்ணெய் பட்டுவிடும் என்று மேலே ஒரு கண்ணாடித் தாளைப் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஒரே க்ளிக்கிடம் சலூன் முதலாளியின் எண்ணை வாங்கினாள். படம் வந்த இதழில் பத்துப் பிரதி வேண்டும் என்று அவர் கொடுத்து வைத்திருந்த எண். மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டு கூப்பிட்டு, படத்தில் வந்தவரிடம் பேச வேண்டும் என்றாள். பின்னணியில் ஹேர் டிரையர் சத்தம்.

"அவரு வேலையில இருக்காரும்மா, கையில கத்தி," என்றார் சலூன் முதலாளி. "முடிச்சிட்டுக் கூப்பிடச் சொல்றேன். யாருன்னு சொல்லட்டும்?"

தங்கச்சி என்று சொல்லி, அவன் அண்ணனாக இல்லாவிட்டால் அசிங்கம். அண்ணனாக இருந்துவிட்டால் கூப்பிடவே மாட்டான், அந்த ஊரையும் விட்டுப் போய்விடுவான்.

"பத்திரிகையிலேருந்து. பட ஆசிரியர்னு சொல்லுங்க."

நாலரை மணிக்கு ஃபோன் வந்தது. அட்டைப்படம் எது என்று சென்டிமீட்டர் மூன்று படங்களை வைத்துக்கொண்டு அவள் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். "நடுவுல இருக்கறது," என்று பார்க்காமலேயே சொல்லிவிட்டு, ஃபோனோடு மாடிப்படிக்கு ஓடினாள்.

"சார் சொன்னாரு, கூப்பிட்டீங்களாமே." கனத்த, கரகரத்த குரல். அண்ணன் குரல் இப்படியா இருக்கும்? பதினோரு வருடத்தில் குரலுக்கும் தாடி முளைக்குமா? ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் வாய் தொழில் பேச ஆரம்பித்துவிட்டது.

"ஆமா சார். உங்க படத்தை இடம் வலமா திருப்பிப் போட்டுட்டோமோனு ஒரு சந்தேகம். தப்புன்னா அடுத்த இதழ்ல திருத்தம் போடணும். அதான்... உங்க புருவத்துல இருக்கற வடு எந்தப் பக்கம்?"

அந்தப் பக்கம் கொஞ்சம் சிரிப்பு. "இருங்க. நாள் முழுக்க என்னைக் கண்ணாடியிலதான் பாக்கறேன், எனக்கே குழம்பும். தொட்டுப் பாத்துத்தான் சொல்லணும்." ஒரு விநாடி. "வலது."

வலது. படம் சரி. அவள் நினைவில் இருந்தது கண்ணாடி முகம் என்றால் அதுவும் சரி. ஆனாலும் வலது புருவத்தில் வடு உள்ள ஆண்கள் உலகத்தில் எத்தனை ஆயிரம் பேர். அடுத்து என்ன கேட்பது? உங்களுக்குத் தங்கை உண்டா என்று எந்தப் பத்திரிகைக்காரி கேட்பாள்?

"அப்ப படம் சரியாத்தான் வந்திருக்கு சார்," என்றாள்.

"ம்." அவன் ஃபோனை வைக்கவில்லை. ஹேர் டிரையர் சத்தம் தள்ளிப் போயிற்று, கடைக்கு வெளியே வந்திருக்க வேண்டும். "மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"படம் வந்ததும் யாராவது... விசாரிச்சாங்களா? இது யாரு, எங்க இருக்காருன்னு?"

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த 'விசாரிச்சாங்களா'வில் கரகரப்பு விலகிப்போய், சின்ன வயதில் பரீட்சைத் தாளை வாங்கிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்று, "அம்மா கேட்டாங்களா?" என்று அவளிடம் ரகசியமாக விசாரிக்கிறவன் நின்றான்.

"ஒரு அம்மா," என்றாள்.

தெருவில் ஏதோ வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. உங்க முகத்தைக் கிழிச்சு எடுத்து வெச்சுக்கிட்டு, அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"பாக்கறாங்களா? நிஜமாவா? என்னையா பாக்கறாங்க?"

"நாலு நாளா பாக்கறாங்கண்ணா," என்றாள்.

அவன் ஃபோனை வைக்கவில்லை.